ஆங்கில மரபுத்தொடருக்கு எந்த இணைய அகராதி?

ஆங்கில மரபுத்தொடர் ஒன்றுக்குப் பொருள் கண்டுபிடிப்பதில் இன்று சிரமமே இல்லை. ‘பீஸ் ஆஃப் கேக்’ என்றால் வெகு சுலபமான காரியம், ‘அண்டர் த வெதர்’ என்றால் உடம்பு சரியில்லை, ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்றால் அத்தி பூத்தாற்போல எப்போதாவது, ‘கால் இட் எ டே’ என்றால் இன்றைக்கு இத்தோடு போதும். எந்த அகராதியில் தட்டினாலும் இதே விடைதான் வரும். அதனால் பொருளை மட்டும் பார்த்து ஓர் அகராதியை நல்லது, மோசம் என்று சொல்லிவிட முடியாது.

பொருளுக்கு அப்பால் அது என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தத் தொடரை யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது? பிரிட்டனில் ஒரு மாதிரியும் அமெரிக்காவில் வேறு மாதிரியும் சொல்கிறார்களா? தொடருக்குள் எந்தச் சொல்லை மாற்றலாம், எதில் கை வைக்கக்கூடாது? பொருள் தெரிந்தும் வாக்கியம் கோணலாகப் போவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான். காசில்லாமல் பார்க்கக்கூடிய தளங்களை இந்தக் கண்ணோட்டத்தில் எடைபோட்டிருக்கிறோம்.

முதலில் கேம்பிரிட்ஜ். தினசரிப் பயன்பாட்டுக்கு ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்வேன் என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வோம். மரபுத்தொடர் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் இருக்கிறது, விளக்கம் எளிய சொற்களில் இருக்கிறது, கூடவே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமாவது இருக்கும். ஆனால் இங்கே நிஜமான சரக்கு தலைப்பு எழுதப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. பலர் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுகிறார்கள்.

‘லூஸ் யுவர் டெம்பர்’, ‘புல் சம்ஒன்ஸ் லெக்’ என்ற இரண்டு தலைப்புகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் ‘யுவர்’, மற்றதில் ‘சம்ஒன்ஸ்’. இது எழுதியவரின் விருப்பமல்ல, இலக்கணக் குறிப்பு. ‘யுவர்’ என்று வந்தால் அந்த இடத்தில் வாக்கியத்தின் எழுவாயே திரும்பி வர வேண்டும்: ‘ஷீ லாஸ்ட் ஹெர் டெம்பர்’, ‘தே லாஸ்ட் தேர் டெம்பர்’. ‘சம்ஒன்ஸ்’ என்று வந்தால் அங்கே வேறோர் ஆள் வர வேண்டும்: ‘ஷீ இஸ் புல்லிங் மை லெக்’. அமெரிக்க அகராதியான மெரியம்-வெப்ஸ்டரும், யாரும் திருத்தக்கூடிய விக்சனரியும் ‘யுவர்’ என்பதற்குப் பதில் ‘ஒன்ஸ்’ (ஒருவருடைய) என்று போடும், கணக்கு அதேதான். ‘ஐ லாஸ்ட் ஹிஸ் டெம்பர்’ என்று எழுதி மாட்டிக்கொள்ளாமல் இருக்க இந்த ஒரு குறிப்பு போதும்.

‘புல் சம்ஒன்ஸ் லெக்’ தமிழர்களுக்கென்றே வைத்த பொறி. காலை வாருவது என்று நினைத்துக்கொண்டு, ‘கடைசி நேரத்தில் கைவிட்டான்’ என்ற பொருளில் அதை எழுதுபவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் அதற்குப் பொய்யை நம்பவைத்து விளையாட்டுக்குக் கேலி செய்வது என்றுதான் பொருள். துரோகத்துக்கு அதில் இடமே இல்லை. கேம்பிரிட்ஜ் விளக்கத்தில் வேடிக்கைக்காக என்பதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். காலை வாருவதற்கு ஆங்கிலத்தில் தேட வேண்டியது ‘லெட் சம்ஒன் டவுன்’ அல்லது, வேண்டுமென்றே செய்த துரோகமாக இருந்தால், ‘ஸ்டாப் சம்ஒன் இன் த பேக்’ (முதுகில் குத்துவது). எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது, கை கழுவுவது, ஒரே கல்லில் இரண்டு அடிப்பது இவையெல்லாம் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றாகவே நடப்பதால் வரும் தைரியம்தான் இங்கே கவிழ்க்கிறது. உறுப்புகளின் பெயர் வரும் தொடர்களை, தமிழில் ஒத்த தொடர் இருப்பதாகத் தோன்றினால், அப்போதுதான் கட்டாயம் அகராதியில் பார்க்க வேண்டும்.

விளக்கத்துக்கு முன்னால் சின்ன எழுத்தில் வரும் குறிச்சொற்களும் முக்கியம். ‘இன்ஃபார்மல்’, ‘ஓல்டு-ஃபேஷன்ட்’, ‘ஹியூமரஸ்’, ‘டிஸ்அப்ரூவிங்’ என்றெல்லாம் இருக்கும். ‘கிக் த பக்கெட்’ என்றால் செத்துப்போவது. பொருள் சரி. ஆனால் அது மண்டையைப் போட்டான் என்கிற தொனி. இரங்கல் செய்தியில் அதைப் போட்டால் உறவே முறிந்துவிடும். அங்கே ‘பாஸ்ட் அவே’தான். ‘டிஸ்அப்ரூவிங்’ என்று போட்டிருந்தால், சொல்பவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அந்தத் தொடரைப் பாராட்டுக்குப் பயன்படுத்தினால் வசையாகிவிடும். ‘கட் கார்னர்ஸ்’ இதற்கு நல்ல சோதனை. செலவையோ நேரத்தையோ மிச்சம் பிடிக்க வேலையை அரைகுறையாகச் செய்வது என்று பொருள். சிக்கனமாக முடித்தோம் என்று பெருமையாகச் சொல்ல நினைத்து, வேலை நேர்காணலில் ‘வீ கட் கார்னர்ஸ்’ என்று சொன்னால், நீங்களே உங்கள் மேல் புகார் கொடுத்த மாதிரி.

கேம்பிரிட்ஜில் குறை இரண்டு. பெரும்பாலான மரபுத்தொடர்ப் பக்கங்களில் ஒலி கிடையாது; தனிச்சொற்களுக்குத்தான் உச்சரிப்புப் பொத்தான். தொடர் எப்படி வந்தது என்ற கதைக்கும் இங்கே வரவேண்டாம்.

ஆக்ஸ்போர்டு லேர்னர்ஸ் அகராதி வேறு அமைப்பு. இங்கே மரபுத்தொடர்கள் ஒரு தலைச்சொல்லின் கீழே, பக்கத்தின் அடிப்பகுதியில் ‘இடியம்ஸ்’ என்ற தொகுதியாக இருக்கும். எந்தச் சொல்லின் கீழ் என்பதற்கு ஒரு விதி உண்டு: தொடரில் முதலாவதாக வரும் முழுப்பொருள் சொல், அதாவது பெயர், வினை, பெயரடை, வினையடை ஆகியவற்றில் ஒன்று. ‘ஸ்பில் த பீன்ஸ்’ வேண்டுமானால் ‘ஸ்பில்’ பக்கம், ‘பைட் த புல்லட்’ வேண்டுமானால் ‘பைட்’ பக்கம். ஆனால் ‘டேக்’, ‘மேக்’, ‘லெட்’ மாதிரி எங்கும் வரும் வினைகளை விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவார்கள். அதனால் ‘டேக் த புல் பை த ஹார்ன்ஸ்’ என்பதை ‘புல்’ பக்கத்திலும், ‘லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்’ என்பதை ‘கேட்’ பக்கத்திலும் தேட வேண்டும். இது தெரியாதவர்கள் ‘டேக்’ பக்கத்தைத் திறந்து, முடிவே இல்லாமல் கீழே இழுத்துவிட்டு, இந்தத் தளத்தில் ஒன்றும் இல்லை என்று மூடிவிடுகிறார்கள்.

பிரிட்டன், அமெரிக்கா வேறுபாட்டை ஆக்ஸ்போர்டு நன்றாகவே காட்டுகிறது. ‘பீட் அபவுட் த புஷ்’ பிரிட்டிஷ், ‘பீட் அரவுண்ட் த புஷ்’ அமெரிக்க வழக்கு. இரண்டும் சுற்றி வளைத்துப் பேசுவதுதான். செத்த குதிரையை அடிப்பதற்கு, அதாவது முடிந்துபோன விஷயத்தில் வீணாக மல்லுக்கட்டுவதற்கு, பிரிட்டனில் ‘ஃப்ளாக்’, அமெரிக்காவில் ‘பீட்’. மறைத்து வைத்த பழைய ரகசியத்துக்கு ‘ஸ்கெலிட்டன் இன் த கப்போர்ட்’, அமெரிக்காவில் ‘க்ளாசெட்’. ஒன்றுமில்லாததற்கு ஆர்ப்பாட்டம் செய்தால் ‘ஸ்டார்ம் இன் எ டீகப்’, அமெரிக்காவில் ‘டெம்பெஸ்ட் இன் எ டீபாட்’. எந்த வடிவமும் தவறில்லை, ஒரே கடிதத்தில் இரண்டையும் கலப்பதுதான் உறுத்தும். இன்னொரு விஷயம்: இந்த அகராதியின் மூதாதை 1942-ல் ஜப்பானில், ஏ. எஸ். ஹார்ன்பியும் அவரது சகாக்களும் வெளிநாட்டு மாணவர்களுக்காகத் தொகுத்தது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர் எங்கே தடுக்கி விழுவார் என்று யோசித்து எழுதிய புத்தி இன்றைக்கும் அதன் எடுத்துக்காட்டுகளில் தெரிகிறது.

மெரியம்-வெப்ஸ்டர் அமெரிக்க ஆங்கிலத்துக்கு. அமெரிக்க அலுவலகத்தோடு வேலை செய்பவர்களுக்கு இதை விட்டால் வழியில்லை. ‘மூட் பாயின்ட்’ ஒன்றே போதும் காரணம் சொல்ல. பிரிட்டனில் அது இன்னும் விவாதத்துக்குரிய விஷயம்; அமெரிக்காவில் பெரும்பாலும், பேசி இனிப் பயனில்லாத விஷயம். ஒரே மின்னஞ்சலை ஒருவர் ‘பேசலாம் வாருங்கள்’ என்றும் மற்றவர் ‘விட்டுத் தள்ளுங்கள்’ என்றும் படிப்பார். மற்றபடி இதன் விளக்கங்கள் கற்பவர்களை மனதில் வைத்து எழுதியவை அல்ல. கடினமாகத் தோன்றினால் அதே நிறுவனக் குடும்பத்தின் பிரிட்டானிக்கா டிக்‌ஷனரிக்குப் போகலாம். அது கற்பவர்களுக்கானது, எடுத்துக்காட்டுகளும் தாராளம்.

ஃபார்லெக்ஸ் நிறுவனம் நடத்தும் ஃப்ரீ டிக்‌ஷனரியின் மரபுத்தொடர்ப் பகுதி ஒரு கிடங்கு. பல பதிப்பகங்களின் அகராதிகளை ஒரே பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வேறெங்கும் சிக்காத தொடர் இங்கே சிக்கும். அதற்கு விலை, ஒரே பொருளை நாலைந்து தடவை வேறு வேறு வார்த்தையில் படிக்க வேண்டும், நடுநடுவே விளம்பரத்தையும் தாண்ட வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே மூல நூலும் பதிப்பாண்டும் போட்டிருக்கும். அந்த ஆண்டைப் பாருங்கள். இருபது ஆண்டுக்கு முந்தைய நூல் ஒரு கொச்சைத் தொடரைப் ‘பொதுவழக்கு’ என்று சொன்னால், இன்றைக்கும் அப்படியே என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு சாதகமும் உண்டு. நாலு அகராதியும் ஒரே வடிவத்தைக் கொடுத்தால் அந்தத் தொடர் இறுகிப்போனது, வார்த்தையை மாற்றாதீர்கள். நாலும் நாலு மாதிரி கொடுத்தால் கொஞ்சம் இளக்கம் உண்டு.

விக்சனரியை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதற்காகப் பலர் ஒதுக்குகிறார்கள். மரபுத்தொடர் விஷயத்தில் அது அவ்வளவு நியாயமில்லை. தலைப்பின் கீழேயே ‘புல்ஸ்’, ‘புல்லிங்’, ‘புல்ட்’ என்று கால வடிவங்களைப் போட்டுவிடுகிறார்கள். நல்ல பதிவுகளில் பழைய மேற்கோள்கள் ஆண்டோடு இருக்கும். தோற்றம் உறுதியாகத் தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதும் பழக்கமும் அங்கே உண்டு, இந்தத் துறையில் அது அபூர்வம்.

ஏனென்றால் மரபுத்தொடர் தோற்றக் கதைகளில் முக்கால்வாசி கட்டுக்கதை. ‘ரெயினிங் கேட்ஸ் அண்டு டாக்ஸ்’ என்பதற்கு, கூரை ஓலையில் படுத்திருந்த பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழுந்தன என்று ஒரு கதை இன்னும் சுற்றுகிறது. 1999 வாக்கில் மின்னஞ்சலில் பரவிய வேடிக்கைத் தொகுப்பு ஒன்றால்தான் அது ஊரெல்லாம் பரவியது. தொடர் 1738-லேயே ஜோனதன் ஸ்விஃப்ட் எழுத்தில் இருக்கிறது, ஆனால் பூனையும் நாயும் எதற்கு என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. (இன்றைய பேச்சில் அது கேட்பதே அரிது. ‘இட்ஸ் போரிங்’, அதாவது கொட்டுகிறது, என்றுதான் சொல்வார்கள்.) இதற்கு நேர்மாறாக, ‘ஸ்டீல் சம்ஒன்ஸ் தண்டர்’ என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ஜான் டென்னிஸ் என்ற லண்டன் நாடகாசிரியர் 1709-ல் தன் நாடகத்துக்காக இடிச்சத்தம் எழுப்பப் புது உத்தி ஒன்றைக் கொண்டுவந்தார். நாடகம் ஓடவில்லை. அதே இடியைப் பிறகு வேறு நாடகத்துக்குப் பயன்படுத்தியதைக் கேட்டு, என் இடியைத் திருடிவிட்டார்கள் என்று கொதித்தார். இன்று, ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டை இன்னொருவர் முந்திக்கொண்டு தட்டிப் பறிப்பதற்கு அந்தத் தொடர். இப்படிப் பெயரும் ஆண்டும் இருந்தால் நம்பலாம். ‘அந்தக் காலத்தில் மக்கள்’ என்று தொடங்கும் எதையும் சந்தேகப்படுங்கள். விக்சனரியின் மொழிபெயர்ப்புப் பட்டியலில் தமிழ் வரிசை பெரும்பாலும் காலியாக இருக்கும் என்பது தனிச் சோகம்.

எந்த அகராதியும் ஒழுங்காகச் சொல்லாத ஒன்று இருக்கிறது, செயப்பாட்டு வினை. ‘ஸ்பில் த பீன்ஸ்’ என்றால் ரகசியத்தை உளறிவிடுவது. ‘த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்’ என்று திருப்பினாலும் பொருள் நிற்கும். ஆனால் ‘த பக்கெட் வாஸ் கிக்ட்’ என்று சொன்னால் சாவு போய்விடும், வாளி மட்டும்தான் உருளும். காரணம் உண்டு. முதல் தொடரில் ‘பீன்ஸ்’ ரகசியத்தையும் ‘ஸ்பில்’ வெளியிடுவதையும் குறிப்பதால், தொடரைப் பிரித்தாலும் துண்டுகளுக்குப் பொருள் இருக்கிறது. ‘பக்கெட்’ எதையும் குறிப்பதில்லை, மொத்தமும் சேர்ந்துதான் சாவு. ஆகவே தொடரின் பெயர்ச்சொல்லுக்குத் தனியாக ஒரு பொருள் ஒட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வாக்கியத்தைத் திருப்ப வேண்டாம். ‘த கேட் இஸ் அவுட் ஆஃப் த பேக்’ என்பது ஏன் இயல்பாக வருகிறது என்பதும் இதனால்தான். அங்கே பூனைதான் ரகசியம்.

அடுத்த இடறல் ‘எ’, ‘த’. தமிழில் இவை இல்லாததால் நாம் விட்டுவிடுவோம், அல்லது இஷ்டத்துக்குப் போடுவோம். ‘ஷீ ஸ்பில்ட் சம் பீன்ஸ்’ என்றால் நிஜமாகவே தரையில் கொட்டியிருக்கிறது. ‘கீப் அன் ஐ ஆன்’ என்றால் அவ்வப்போது கவனித்துக்கொள், ‘கீப் யுவர் ஐஸ் ஆன்’ என்றால் பார்வையை எடுக்காதே. ஒருமை, பன்மையும் தொடரின் பகுதிதான். அகராதித் தலைப்பை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்வதே நல்லது.

ஒலிக்கு யூக்ளிஷ். தொடரைத் தட்டினால், அதைச் சொல்லும் யூடியூப் காணொளித் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும். அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய உச்சரிப்பு என்று பிரித்துக் கேட்கலாம். ‘பீஸ் ஆஃப் கேக்’ என்பதில் ‘ஆஃப்’ கிட்டத்தட்டக் காணாமல் போய், அழுத்தம் ‘கேக்’ மேல் விழுவதை எந்த அகராதியும் இப்படிக் காதில் போடாது. நேர்ப்பொருளில் வரும் துண்டுகளும் கலந்து வரும், சமையல் காணொளியில் நிஜ கேக் வரும். தாண்டிவிடுங்கள்.

கூகுள் மொழிபெயர்ப்பில் 2011 முதல் தமிழ் இருக்கிறது. மரபுத்தொடரைத் தனியாகப் போடாதீர்கள், முழு வாக்கியமாகப் போடுங்கள். சுற்றியுள்ள சொற்கள் இல்லாமல் நேர்ப்பொருளா, மரபுப் பொருளா என்று கருவியால் முடிவு செய்ய முடியாது. தமிழில் வந்ததை மறுபடி ஆங்கிலமாக்கிச் சரிபார்ப்பது பலரும் செய்யும் உத்தி. அதில் ஒரு ஓட்டை இருக்கிறது: சொல்லுக்குச் சொல் பெயர்த்த தவறான தமிழ், திரும்பிப் போகும்போது அழகாக அதே மரபுத்தொடராகிவிடும். சரி என்று ஏமாறுவோம். செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் பொருளையும் தொனியையும் நன்றாகவே விளக்குகின்றன. தோற்றக் கதை கேட்டால் மட்டும் இல்லாததையும் நிச்சயமாகச் சொல்லும். அதை விக்சனரியில் சரிபாருங்கள்.

‘ஆயிரக்கணக்கில் மரபுத்தொடர்கள்’ என்று விற்கும் செல்பேசிச் செயலிகளில் பெரும்பாலானவை தேறாது. பழமொழி, ‘கிவ் அப்’ மாதிரி வினைத்தொடர், மரபுத்தொடர் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எண்ணிக்கையைக் கூட்டியிருப்பார்கள். நிறுவும் முன் சோதித்துவிடலாம். ‘ரெயினிங் கேட்ஸ் அண்டு டாக்ஸ்’ பழசு என்று குறித்திருக்கிறதா, ‘கிக் த பக்கெட்’ மரியாதைக் குறைவு என்கிறதா, ‘மூட் பாயின்ட்’டுக்கு இரண்டு பொருளும் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் அது வெறும் பட்டியல். அதைவிட, அலுவலகத்தில் நிஜமாகவே காதில் விழும் ‘ஆன் த சேம் பேஜ்’ (ஒரே புரிதலில் இருப்பது), ‘கீப் மீ இன் த லூப்’ (எனக்கும் தகவல் சொல்லிக்கொண்டே இரு), ‘பால்பார்க் ஃபிகர்’ (குத்துமதிப்பான தொகை), ‘அப் இன் தி ஏர்’ (இன்னும் முடிவாகவில்லை), ‘ப்ளே இட் பை இயர்’ (போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம்) இவை முதல் பக்கங்களில் இருக்கின்றனவா பாருங்கள்.

இரண்டு வடிவத்தில் எது வழக்கில் அதிகம் என்று தெரிய வேண்டுமானால், நூல்களில் ஒரு தொடர் எவ்வளவு வருகிறது என்று காட்டும் கூகுளின் என்கிராம் வியூவர். இரண்டையும் காற்புள்ளியிட்டுத் தட்டி, பிரிட்டிஷ் நூல்கள், அமெரிக்க நூல்கள் என்று தொகுப்பை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஒரு தடவையில் ஐந்து சொல்தான் ஏற்கும். ‘லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்’ ஏழு சொல் என்பதால் ஒன்றும் வராது. ‘கேட் அவுட் ஆஃப் த பேக்’ என்று வெட்டிப் போட்டால் சரியாக ஐந்து. குறைந்தது 40 நூல்களில் வந்த தொடரை மட்டுமே கணக்கில் எடுப்பதால், புதிதாகக் கிளம்பிய தொடர் அங்கே வரவில்லை என்பதற்காக அது இல்லை என்று ஆகாது.